வைக்கோல் கட்டோடு நாலு ஞாயிறு

"நீ கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு மட்டும்தான் வர்றே. இலை போட்ட பிறகு பந்திக்கு வர்ற மாதிரி. ஒரு வருசமாவது அடுப்பு மூட்டுறப்பவே வா கண்ணு." 2022 கிறிஸ்துமஸ் முடிந்து நான் கீழே கிளம்பும்போது ஏற்காட்டுப் பெரியம்மா சொன்னது இது. அதனால்தான் 2023இல் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறும் மலைக்குப் போவது என்று தீர்மானித்தேன்.

எனக்கு வீடு சேலம் நாலு ரோடு பக்கம். நடந்து போகிற தூரத்தில் குழந்தை இயேசு பேராலயம். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானது. அதன் தலைமைக் கோயிலே குழந்தை இயேசுவின் பெயரில் இருப்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு தனிப் பெருமை. டிசம்பர் வந்துவிட்டால் அந்தப் பக்கமே களைகட்டிவிடும். பெரியம்மாவின் கோயில் அப்படியில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு கிளைக் கோயில். அறுபது எழுபது குடும்பங்கள் இருக்கும். பாதிப்பேர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு பூசைக்கு மட்டும் பங்குச் சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் மறைக்கல்வி சொல்லித்தருகிற உபதேசியார் சாவியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வார்.

டிசம்பர் 3, முதல் ஞாயிறு. அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மேகம் பேருந்துக்குள் வந்துவிட்டது. இருபது வளைவும் ஏறி இறங்கியபோது சேலையெல்லாம் ஈரம். கோயிலுக்குள் மூங்கிலை வளைத்து, சைப்ரஸ் தழை சுற்றி, திருவருகை வளையம் வைத்திருந்தார்கள். மூன்று ஊதா மெழுகுவர்த்தி, ஒன்று ரோஜா நிறம். புதுநன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, வாங்கப்போகிற ஒரு பையன் முதல் திரியை ஏற்றினான். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பின்னால் நின்ற அவன் அப்பா கையைக் குவித்து மறைத்துக்கொண்டார்.

அன்றைய நற்செய்தி மாற்கு பதின்மூன்றாம் அதிகாரம். வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ நள்ளிரவில் வருவாரோ தெரியாது, விழிப்பாயிருங்கள் என்கிற பகுதி. "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதம் கிடையாது. தவக்காலம் போல அல்லேலூயாவை நிறுத்துவதில்லை, ஆனால் வானவர் கீதத்தை மட்டும் கிறிஸ்துமஸ் இரவுக்காக எடுத்து வைத்துவிடுவார்கள். அது இல்லாத பூசையில் ஒரு இடம் காலியாக இருப்பது நன்றாகவே தெரியும்.

பூசை முடிந்ததும் யாரும் கலையவில்லை. சாமியார் ஒரு கணக்குச் சொன்னார். போன வருடம் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமை வந்ததால் திருவருகைக் காலம் நிறைவாக 28 நாள் கிடைத்தது. இந்த வருடம் நாலாவது ஞாயிறே டிசம்பர் 24. ஆக மொத்தம் 22 நாள்தான், இதைவிடக் குறைவாக வரவே வராது. நாலாவது வாரம் என்பதே ஒரு பகல். திருவருகையின் ஊதாத் துணிகளை எடுத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் வெள்ளையை விரிக்க அவ்வளவுதான் நேரம். "அதனால காலையில ஊதா, ராத்திரி வெள்ளை. நடுவுல இருக்கிறது சில மணி நேரம். கை நிறைய வேணும்" என்றார்.

உடனே அன்பியம் வாரியாக, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு வாரியாக, வேலை பிரித்தார்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஒன்றுக்குக் குடில், ஒன்றுக்குப் பாதை சுத்தம் செய்வதும் விறகும். இளைஞர்களுக்குக் கேரல் ரவுண்ட்ஸ். "பட்டணத்துப் பிள்ளைக்கு?" என்று யாரோ கேட்க, பெரியம்மா எனக்காகப் பதில் சொன்னார்: "வைக்கோல். இங்க நெல்லு ஏது? அவ கீழேயிருந்து கொண்டு வரட்டும்."

அந்த வருடம் குடிலுக்கு ஒரு விசேஷமும் இருந்தது. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற மலையூரில் புனித அசிசி பிரான்சிஸ் தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை வைத்துப் பிறப்பைக் காட்டினாரே, அதற்கு 800 ஆண்டு நிறைவு. அவரும் மலையில்தான் வைத்தார் என்று உபதேசியார் சொன்னபோது எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

இரண்டாம் ஞாயிறுக்குக் கோரிமேட்டில் ஒரு பால்காரர் வீட்டில் சொல்லி வைத்து வைக்கோல் வாங்கினேன். காசு வேண்டாம் என்றுவிட்டார். "சாமிக்குத்தானே" என்றார். பழைய சேலையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டே மலை ஏறினேன். அந்த வாசனையில் எனக்கு அம்மாவின் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா இறந்து அப்போது எட்டு வருடம்.

அன்று திருமுழுக்கு யோவானின் வாசகம்: ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள். பூசை முடிந்ததும் கையில் கொத்து அரிவாளோடு பத்துப் பேர் கோயில் பாதைக்குப் போனார்கள். மழையில் சரிந்த மண்ணை அள்ளினார்கள், புதரை வெட்டினார்கள், வயதானவர்கள் வழுக்காமல் நடக்கக் கல் பதித்தார்கள். வாசகத்தை அப்படியே செய்து பார்க்கிற ஆட்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

குடிலில் தொட்டி மட்டும் தயாராகியிருந்தது. சில்வர் ஓக் மரத்தின் கிளைகளை ஆணியில்லாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. நான் கொண்டுபோன கட்டைப் பிரித்து நிரப்பப் போனேன். பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். வைக்கோலைப் பக்கத்தில் ஒரு முறத்தில்தான் வைக்க வேண்டுமாம். யாராவது ஒரு ஒறுத்தலோ நற்செயலோ செய்தால், வந்து ஒரே ஒரு வைக்கோல் தாள் எடுத்துத் தொட்டியில் போடலாம். என்ன செய்தோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இருபத்துநாலாம் தேதி ராத்திரி குழந்தைக்கு எவ்வளவு மெத்தை கிடைக்கிறதோ அவ்வளவுதான்.

மதியம் ஒரு பாட்டி வந்தார். நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும் காலம். வேலை நெருக்கடியில் ஞாயிறும் சிலர் தோட்டத்துக்குப் போவார்கள். ஒரே கொம்பில் பச்சைக்காயும் செம்பழமும் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் கிள்ளி, மற்றதை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்ப அதே செடிக்கு வர வேண்டும். அவசரப்பட்டு உருவினால் பச்சையும் வந்துவிடும், காப்பி கெட்டுவிடும். பாட்டியின் விரல்களில் அந்தப் பழத்தின் பிசின் கறுத்து, நகக்கண்ணில் ஏறியிருந்தது. முறத்தின் முன்னால் முழங்கால் போட்டு, ஒரு தாளை எடுத்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சருகைக் கிள்ளி எறிந்துவிட்டு, தொட்டியில் படுக்கவைத்தார். எறிந்த சருகையும் பிறகு பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் மகன் சென்னையில் வேலை. அந்த வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை, பிறகு நல்லபடியாகப் பேசினான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தாள் எதற்கு என்று தெரியாது. கேட்கவும் கூடாது.

அன்று மாலையே கூடிப் பேசி, கோயில் முழுக்கச் சீரியல் விளக்கு வேண்டாம், கோபுரத்தில் ஒரு ஸ்டார் போதும், மிச்சப் பணம் வெள்ள நிவாரணத்துக்கு என்று முடிவெடுத்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 17. அன்றுதான் மார்கழி ஒன்று. விடியற்காலையில் கீழே அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டது. மேலே எங்கள் பிள்ளைகள் ரோஜா நிறத் திரியை ஏற்றினார்கள். மகிழ்ச்சி ஞாயிறு. அந்த ஒரு ஸ்டாருக்கு வயர் இழுக்க வந்தவர் பக்கத்து லைன் வீட்டுத் தம்பி. ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார், கறுப்பு வேட்டி. வருடா வருடம் அவர்தான் செய்வாராம். செருப்பில்லாமல் ஏணியேறி, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, ஒரு டம்ளர் கட்டங்காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பூசைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. கோயிலுக்குள் சுண்ணாம்பு வேலை நடந்ததால் சாமியார் வெளியே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூடுபனியில் வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குப் பிறகு நான் பாவசங்கீர்த்தனம் செய்யவே இல்லை. கடவுள் மேல் வருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போவேன், பின்வரிசையில் நின்று திரும்புவேன், அவ்வளவுதான். வரிசையைவிட்டு விலகிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். பின்னால் அந்தப் பாட்டி நின்றார். "போ சாமி, உன் முறைதான்" என்று தோளில் லேசாகத் தட்டினார். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எழுந்தபோது பனி என் கண்ணாடியை மறைத்திருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. நேராக முறத்துக்குப் போய் ஒரு தாள் எடுத்துப் போட்டேன். நான் சுமந்து வந்த வைக்கோலில் எனக்கென்று போட்ட முதல் தாள் அது.

மறுநாளே தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மலையில் இரண்டாவது முறையாக உண்டியல் சுற்றியது என்று பெரியம்மா போனில் சொன்னார்.

இருபத்துநாலாம் தேதி காலைப் பூசையில் நாலாவது திரி எரிந்தது, மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி வாசிக்கப்பட்டது. பத்து மணிக்கு அந்தச் சில மணி நேரம் தொடங்கியது. ஊதாத் துணிகளை உருவி மடித்தார்கள். பெண்கள் தரையைக் கழுவினார்கள், ஆண்கள் பெஞ்சுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பீடச் சிறுவர்கள் மெழுகு சுரண்டினார்கள். வெள்ளைத் துணிக்கு இஸ்திரி போடக் கரண்ட் இல்லை. உடனே ஒரு வீட்டிலிருந்து கரிப்பெட்டி வந்தது. பாடகர் குழு வெளியே நின்று வானவர் கீதத்தைப் பழகப் போனபோது, "இப்ப வேண்டாம், ராத்திரி வரைக்கும் பொறுங்க" என்று உபதேசியார் தடுத்துவிட்டார். மெட்டை மட்டும் வாய்க்குள் முனகிப் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாயும்போது கோயில் வெள்ளையாக நின்றது.

இரவுப் பூசையில் சாமியார் வானவர் கீதத்தைத் தொடங்கியதும் கோயில் மணியும் பூசை மணிகளும் ஒருசேர ஒலித்தன. மூன்று வாரம் காலியாக இருந்த அந்த இடம் நிறைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குழந்தை சுரூபம் வாசலிலிருந்து கை மாறிக் கை மாறி வந்தது. அது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொருவரும் வாங்கி, முத்தி செய்து, அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். பாட்டியிடமிருந்து என் கைக்கு வந்தது. அவ்வளவு பேர் கைச்சூடும் அதில் இருந்தது. சின்னப் பாதத்தில் பிசின் கறை ஒரு விரல் அகலத்துக்குப் பதிந்திருந்தது. நான் முத்தி செய்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். தொட்டியில் வைக்கோல் விளிம்புவரை இருந்தது. முறத்தில் ஒரு தாளும் மிச்சமில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் நல்ல குளிர். அண்டாவில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் தோட்டத்துக் காப்பிதான். பெரியம்மா எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்டார்.

"வர்ற வருசத்துக்கு இன்னும் ஒரு கட்டு சேர்த்துச் சொல்லி வச்சிடு கண்ணு. இந்தத் தடவை பத்தலை."