பாத்துக்கலாம்

"டேலி இதுல போட முடியுமாண்ணே?" என்று, நான் காட்டிய டேப்லெட்டைப் பார்த்து அந்தப் பெண் கேட்டாள். டேலி என்பது வரவுசெலவுக் கணக்கு எழுதும் மென்பொருள். "பாத்துக்கலாம் பாப்பா" என்றேன். 2022 ஆவணி மாதம் அது. லேப்டாப்பும் டேப்லெட்டும் விற்கும் கடையில் கவுண்டருக்குள் நின்று அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இரவு ஷட்டரை இறக்கும்போதே மறந்துபோனவை. இந்த ஒரு பதில் மட்டும் மனதை விட்டு இறங்கவில்லை.

நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திறந்து பார்க்க முடியும் என்பது ஒன்று. இப்போதைக்கு வாங்கிக்கொள், பிறகு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதல் பொருளில் எடுத்துக்கொண்டால் நான் பொய் சொல்லவில்லை. கடைக் கணினியில் டேலியில் போட்டு வைத்த கணக்கின் அறிக்கைகளை டேப்லெட்டில் பார்க்க வழி இருக்கிறது. பல முதலாளிகள் வீட்டிலிருந்தபடியே அன்றைய விற்பனையை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவள் கேட்டது போடுவதைப் பற்றி. 'போட முடியுமா' என்ற கேள்விக்கு வினையையே மாற்றிப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் பதில் சொன்னது தெரிந்து செய்ததா, வாய்க்கு வந்ததா என்பது எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கே பிடிபடுவதில்லை.

அவளுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கணக்கு முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். முகூர்த்த நாட்கள் நெருங்கியதால் பூவுக்கு நல்ல விலை கிடைத்த வாரம் அது. கமிஷன் கடைச் சீட்டுக்குள் மடித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, "இருவது இருக்கு தம்பி. இதுக்குள்ள காலேஜுக்கு ஆகுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கொடுத்தார்கள் என்றும், கல்லூரி முடியும்வரை அது உழைத்தது என்றும், இளையவளுக்கு அது வராமல் போய்விட்டது என்றும் சொன்னார். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கொரோனாவோடு நின்றுபோயிருந்தது. அக்காவுக்குக் கிடைத்தது, இவளுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த குடும்பங்கள் அந்த ஆண்டு பல.

டெமோவுக்கு வைத்திருந்த 10.4 அங்குல டேப்லெட்டை அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் ஒரு விரலால் தொட்டார், திரை அசையவில்லை. அழுத்தித் தொட்டார், அப்போதும் அசையவில்லை. மொட்டுப் பறித்தும் மண்வெட்டி பிடித்தும் காய்த்துப்போன விரல் நுனியைச் சில திரைகள் உணர்வதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் நகர்ந்துகொள்ள, மகள் கை நீட்டித் தள்ளினாள்; படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவர் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்தது. தனக்கு வசப்படாத பொருள் மகளுக்கு வசப்படுகிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டதும் வியாபாரம் முடிந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

"காலேஜுல என்னென்ன வேலை இருக்கும்?" என்று நான் கேட்டதும் அவரிடம்தான். "பாடம் பாக்கணும், ஆன்லைன்ல கிளாஸ் வச்சா உக்காரணும், எதாச்சும் எழுதி அனுப்பணும்" என்றார். இரண்டு வருடமாக வீட்டில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் படித்த படிப்பை அவர் பார்த்திருந்தார், அதைத்தான் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் டேப்லெட் தாராளம். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் சேர்ந்திருந்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவளாகத்தான் டேலியைப் பற்றிக் கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "அதான் அண்ணன் சொல்றாருல்ல" என்று அப்பா சொன்னதும் நிறுத்திக்கொண்டாள்.

டேலியில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதை ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்தாலும்கூட அது கீபோர்டில் விரல் ஓடிப் பழக வேண்டிய வேலை. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக என்டர், முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ. கீழமாசி வீதி மண்டிகளில் சிஸ்டம் சர்வீஸுக்குப் போகும்போது, கணக்கெழுதும் பெண்கள் இடது கையால் பில் கட்டைப் புரட்டிக்கொண்டே வலது கையால் எண்களை அடிப்பதை நின்று பார்த்திருக்கிறேன்; பில்லை விட்டுக் கண் விலகுவதே இல்லை. டேப்லெட்டில் எழும்பி வருகிற கீபோர்டில் அந்த எஃப் வரிசையே கிடையாது, எழும்பி வந்தால் திரையிலும் பாதி போய்விடும். படிக்கிற பிள்ளைகளுக்கென்று டேலியில் இலவசமாகவே ஒரு வழி இருக்கிறது. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும் என்பதால், எல்லா வரவுசெலவையும் ஒன்றாம் தேதி நடந்ததாக வைத்தே எழுதிப் பழகுவார்கள். பணம் குறைவான வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. அதற்கும் ஒரு விண்டோஸ் கணினி வேண்டும்.

இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதுதான் என்னைக் குடைகிறது.

ஆனாலும் என் பக்கம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் கடையில் அன்றைக்கு இருந்த மிகக் குறைந்த விலைப் புது லேப்டாப் 26,000 ரூபாய். அதில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவே அவ்வளவுதான். இரண்டு அப்டேட் வந்தால் இடம் நிரம்பிவிடும், திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட லேப்டாப்பை வாங்கிப்போய் ஆறே மாதத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, விற்ற முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அதே காலத்தில் 20,000 ரூபாய் டேப்லெட் சூடாகாமல், கரண்டு போனாலும் பகல் முழுவதும் தாங்கி, நினைத்த நொடியில் திறந்துகொள்ளும். இல்லாத ஆறாயிரத்தை அவர் கடன் வாங்கி மோசமான லேப்டாப் வாங்குவதைவிட, இருக்கிற பணத்துக்கு நல்ல டேப்லெட் வாங்குவது மேல் என்று நான் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. இணையத்தின் வழியாக வேறோர் இடத்துக் கணினியை மாத வாடகைக்கு எடுத்தால் டேப்லெட்டிலேயே டேலியை ஓட்டவும் முடியும். ஆனால் தோட்டத்து வீட்டுச் சிக்னலில், மாதா மாதம் வாடகை கட்டி, அது அவளுக்கு ஆகிற காரியமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த வாதமே அன்று எனக்குத் தோன்றியது அல்ல. பிறகு இரவுகளில் எனக்காக நானே தேடி எடுத்துக்கொண்டது.

எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி, கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்களைச் சரிசெய்து விற்கும் கடை ஒன்று இருந்தது. 17,000, 18,000 ரூபாய்க்கு ஐ5 பிராசசரும் 8 ஜிபி ரேமும் உள்ள பழைய லேப்டாப் அங்கே கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, கனமாக இருக்கும், பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஆனால் டேலி ஓடும், பின்னால் ரேமும் ஹார்ட் டிஸ்கும் மாற்றிக்கொள்ளலாம். அதை நான் சொல்லவில்லை. இன்னொரு கடைக்கு ஆளை அனுப்பும் வழக்கம் எந்தக் கடையிலும் இல்லை என்பது உண்மை. அந்த மாதம் விற்கிற ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் எனக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது என்பதும் உண்மை. அந்த 200 ரூபாய்க்காக நான் சொல்லவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த 200 ரூபாய் இல்லாதிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால் அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை.

கார்த்திகையில் அவள் தனியாக வந்தாள். துணிப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, கல்லூரியில் அனுப்பிய வேர்ட் கோப்பு திறக்கிறது, படிக்க முடிகிறது, திருத்தப் போனால் சந்தா கட்டச் சொல்கிறது என்றாள். வேர்ட் போன்ற மைக்ரோசாஃப்ட் அலுவலகச் செயலிகளில் 10.1 அங்குலம் வரை உள்ள திரைகளில்தான் இலவசமாகத் திருத்த முடியும். அதற்கு மேல் போனால் சந்தா வேண்டும். அன்று அவள் கையில் எடுத்துப் பார்த்த 8 அங்குல டேப்லெட்டில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. "பெருசா இருந்தா படிக்க நல்லது பாப்பா" என்று சொல்லிப் பெரியதைக் கொடுத்தவன் நான். வேறொரு இலவசச் செயலியை ஏற்றிக் கோப்பை அதில் திறந்து கொடுத்தேன்; பத்து நிமிட வேலை. நன்றி சொன்னாள். பையில் வைக்கப் போனவள், "இதைக் குடுத்துட்டு பழைய லேப்டாப் எதாச்சும் மாத்திக்க முடியுமாண்ணே?" என்று கேட்டாள். எக்ஸ்சேஞ்சில் அதற்கு 9,000 ரூபாய் போகும் என்றேன். மூன்று மாதத்துக்கு முன்பு அவள் அப்பா அந்தக் கண்ணாடி மேல் வைத்த பணத்தில் பாதிகூட இல்லை. அவள் சிறிது நேரம் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வேணாம்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றாள். டேலி என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

டேப்லெட் கணினிக்கு ஈடாகுமா என்று இன்றும் வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். கடையில் சரக்கு இருப்பு எடுப்பதற்கு நாங்களே டேப்லெட்டுக்கு மாறிவிட்டோம். குடோனில் ரேக் ரேக்காக நடந்து எண்ணுவதற்கு அதைவிட வசதியான பொருள் இல்லை. என் அம்மா கரண்டு பில் கட்டுவது, மருத்துவரிடம் வீடியோவில் பேசுவது, பேரனைப் பார்ப்பது எல்லாம் அதில்தான். வீட்டு டெஸ்க்டாப்பின் மேல் போட்ட உறையை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2010இல் ஆப்பிளின் ஐபேட் டேப்லெட் வந்த நாளிலிருந்து கணினிக்கு இனி வேலை இல்லை என்ற பேச்சும் உடன் வருகிறது. 2020இல் அதற்கு மவுஸும் டிராக்பேடும் பொருத்தும் வசதி வந்தது, 2021இல் அதே நிறுவனத்தின் லேப்டாப்பில் இருக்கும் எம்1 சிப்பே அதன் உயர்விலை டேப்லெட்டுக்கும் வந்தது. இருந்தும், என் அம்மாவின் ஒரு நாளுக்கு முழுதாகப் போதுமான பொருள் கீழமாசி வீதியில் கணக்கெழுதுகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு ஆகவில்லை. சிப் ஒன்றாக இருந்து என்ன, அவருடைய மென்பொருள் அதில் இல்லை. அன்றாடப் பயன்பாடு என்று நாங்கள் விற்கும்போது சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய அன்றாடம் அப்போது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. நான் அவள் அப்பா கண்ட அன்றாடத்துக்குப் பொருள் கொடுத்தேன்.

2025 மார்ச் மாதம் தமிழக நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிப்பு வந்தபோது, அந்த 'அல்லது' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. காகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமமாக இருந்தன. அந்த ஒரு சொல்லை எங்கள் கவுண்டரில் அரை நிமிடத்தில் நானே முடிவு செய்திருந்தேன்.

இப்போது யார் பிள்ளைக்கு என்று வந்தாலும், பிள்ளையிடம்தான் முதலில் கேட்கிறேன். என்ன படிப்பு, ஆய்வகத்தில் என்ன மென்பொருள், வீட்டில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். இரண்டு பேரை அந்தப் பழைய லேப்டாப் கடைக்கே அனுப்பியும் இருக்கிறேன். அதில் ஒருவர் எட்டு மாதத்தில் மதர்போர்டு போய்விட்டது என்று திரும்பி வந்து, வாரண்டியோடு புதுசு விற்கிற இடத்தில் இருந்துகொண்டு என்னை ஏன் அங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டார். அவருக்கும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. டேப்லெட்டே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

போன தை மாதம் அவளுடைய அப்பா வந்தார். அதே டேப்லெட், திரை மேல் ஒட்டிய காப்புக் கண்ணாடியில் மூலையிலிருந்து கீறல். மகள் கல்லூரி முடிந்து சாயங்காலம் பஸ் மாறிப் போய் ஒரு சென்டரில் டேலி படித்தாளாம். இப்போது திருமங்கலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலையாம். சென்டருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். டேப்லெட் இப்போது இவர் கையில்தான் இருக்கிறதாம். பூ விலை பார்ப்பதும் மூத்த மகளிடம் பேசுவதும் அதில்தான். "நீங்க அன்னைக்கு எடுத்துக் குடுத்தது ரொம்ப உதவியாப் போச்சு தம்பி" என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னதை ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. பழைய கண்ணாடியை உரித்துப் புதியதை ஒட்டி, குமிழ் இல்லாமல் துணியால் நீவிக் கொடுத்தேன். 150 ரூபாய். வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை, எடுத்து வைத்தார். பிறகு நோட்டு எண்ணுவதற்கு முன் செய்வதுபோல விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, திரையை ஒரு முறை தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது.