கச்சானுக்கு முதுகைக் காட்டு: ராமநாதபுரக் கரையில் ஸ்கெட்ச் நோட்டு

ராமநாதபுரம் கரையில் நோட்டும் கையுமாக உட்காரப் போகிறீர்களா? என்ன வரையலாம் என்று தேடும் முன் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து மணலையும் வாரிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல், குமுறிக்கொண்டே கிடக்கும். பாக் விரிகுடாப் பக்கம், வடகடல், குளம் மாதிரி இருக்கும். ஐப்பசியில் வடகிழக்கு வாடைக் காற்று திரும்பியதும் இது அப்படியே மாறிவிடும். ராமேஸ்வரம் தீவில் வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல் என்பார்கள். ஆனால் வாடைக் காலத்தில் பெண் கடலின் கோபத்தையும் பார்க்கலாம்.

ஆகவே கச்சான் மாதங்களில் தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி. வாடை மாதங்களில் குந்துகால், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். இதை மாற்றிப் போனால் பத்து நிமிடத்தில் தாளில் மணல் ஏறும். ஈர வர்ணத்தில் விழுந்த மணல் காய்ந்தபின் தட்டினாலும் முழுக்கப் போகாது. வர்ணத்தில் உள்ள பிசின் அதைப் பிடித்துக்கொள்ளும். விரலால் தேய்த்தால் தாள் கீறும். முழுக்கக் காயவிட்டு, காய்ந்த தூரிகையால் தள்ளிவிடுவது ஒன்றுதான் வழி.

காற்றுக்கு முதுகு கொடுத்து உட்கார வேண்டும். கச்சானில் வடகிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அப்போது படகுகள் கறுப்பு உருவங்களாகத்தான் தெரியும்; விவரம் தேடாதீர்கள், வெளிவடிவத்தை மட்டும் எடுங்கள். அதே இடத்துக்கு மாலை நாலரைக்கு வந்தால் வெயில் பின்னாலிருந்து விழும். பலகை மூட்டு, பெயின்ட் உரிந்த இடம் எல்லாம் அப்போது தெரியும்.

தாளில் நேர் வெயில் விழ விடக் கூடாது. வெள்ளைத் தாள் கூசும்போது வர்ணம் உண்மையைவிட வெளிறித் தெரியும், கை தானாகக் கூடப் பூசிவிடும். வீட்டுக்குள் கொண்டு போய்ப் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். தாள் உங்கள் நிழலிலோ குடை நிழலிலோ இருக்கட்டும். கறுப்புக் குடையே நல்லது. வர்ணக் குடை தன் நிறத்தைத் தாளில் இறக்கிவிடும்.

நிழலைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ராமேஸ்வரம் 9.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும், பிறகு ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. உச்சி என்பதும் கடிகாரத்துப் பன்னிரண்டு இல்லை, சித்திரையில் 12.13 வாக்கில் வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். பள்ளியில் படித்த நினைவில் நிழலை வடக்கே போட்டால் படம் பொய் சொல்லும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், உட்கார்ந்ததும் நிழலின் ஓரத்தை மட்டும் லேசான பென்சில் கோட்டில் அடைத்துவிட்டு, பக்கத்தின் மூலையில் வெயில் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். பொருளின் உடம்பைப் பிறகு நிதானமாக வரையலாம்.

நோட்டு, பேனா, தண்ணீர்

ஏ5 அளவு போதும், படுக்கை வாட்டில் திறப்பது. இந்தக் கரையில் எல்லாம் படுத்துக் கிடக்கும் காட்சிதான். பனை மட்டும்தான் நிற்கும். பேனாவும் மெல்லிய வர்ணமும் என்றால் 150 ஜிஎஸ்எம் கனத் தாள் தாங்கும். தண்ணீர் நிறைய விட்டுப் பூசுகிறவருக்கு 300 வேண்டும். ஜெராக்ஸ் கடை 80 ஜிஎஸ்எம் தாள் ஒரு பூச்சிலேயே அப்பளம் மாதிரி சுருளும், ஆனால் பென்சில் பழக்கத்துக்கு அதைவிட மலிவாக எதுவும் இல்லை.

ஸ்பைரல் நோட்டு வேண்டாம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, ஓட்டைகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை இறங்கும். தைத்த நோட்டு வாங்குங்கள். தாளைப் பிடிக்க இரும்புக் கிளிப்புக்கும் இதே கதிதான். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் வெயிலில் இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாவாடை நாடா இருக்கிறதே, அதைவிட நல்ல கட்டு கிடையாது.

பேனாவில், நான் பால்பாயிண்ட் கட்சி. ஈரக் காற்றில் எழுதும், மணல் பட்டாலும் உதறினால் ஓடும். மேலே வர்ணம் பூசினால் ஓரளவு நிற்கும், கொஞ்சம் ஊதா கசியும். ஃபைன்லைனர் அழகுதான், ஆனால் நுனியில் ஒரு மணல் துகள் சிக்கினால் அதோடு சரி. ஜெல் பேனா வாடை மாதங்களில் காயவே காயாது; கை பட்டால் இழுவும்.

வர்ணம் ஆறு போதும்: அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்), ஒரு மஞ்சள், எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஒரு சிவப்பு, சாப் கிரீன் (இலைப் பச்சை). அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் மழை மேகத்திலிருந்து பனந்தூர் வரை எல்லாச் சாம்பலும் வரும். கறுப்பு ட்யூபை வீட்டில் வைத்துவிடுங்கள். தேன் சேர்த்த வர்ணமாக இருந்தால் எறும்பு மொய்க்கும்; டப்பாவைத் தரையில் வைக்காமல் மடியில் வையுங்கள்.

தண்ணீர் 200 மில்லி வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும். கடல் நீரில் தூரிகையை நனைக்கலாமே என்று தோன்றும். நனைத்தால் உப்பு தாளில் தங்கிவிடும். உப்புக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம்; அந்தப் பக்கம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமநமவென்று ஈரம் கோக்கும், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டும், கடைசியில் பூசணம் பிடிக்கும். வீடு வந்ததும் நோட்டை விரித்து, விசிறிக் காற்றில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

கடல்கோடு

இந்தக் கரையில் அதிகம் நடக்கும் தப்பு கடலும் வானமும் சேரும் கோட்டில்தான். அந்தக் கோடு எப்போதும் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். நின்று வரைந்தால், சமமான மணலில் நிற்கிற உங்கள் உயரக்காரர் எல்லார் தலையும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டில்தான் முட்டும். உட்கார்ந்து வரைந்தால் கோடு அவர்கள் இடுப்பை ஒட்டி வெட்டும். தூரத்து ஆளைச் சின்னதாகப் போட்டுவிட்டுத் தலையைக் கோட்டுக்குக் கீழே இறக்கினால் அவர் குழிக்குள் நிற்பதாகத் தெரியும்.

பாம்பனில் இந்த விதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் உயரத்திலிருந்து பார்த்தால் கடல்கோடு மேலே ஏறி, ரயில் பாலத்தின் தண்டவாளம் முழுக்கக் கோட்டுக்குக் கீழே கிடக்கும். கீழே கரையிலிருந்து பார்த்தால் அதே பாலம் கோட்டுக்கு மேலே நிற்கும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கை விரிப்பதுபோல மேலே மடியும்படி கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அப்படியே செங்குத்தாக ஏறும். பழைய படத்தைப் பார்த்து நகலெடுப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். தூண்களைச் சம இடைவெளியில் நட்டுக்கொண்டு போவது இன்னொரு தப்பு. முதல் தூணையும் கடைசித் தூணையும் போடுங்கள். மேல்கோடும் அடிக்கோடும் போட்டு, மூலைவிட்டங்கள் வெட்டுகிற இடத்தில் நடுத்தூணை வையுங்கள். பிறகு ஒவ்வொரு பாதியையும் அதேபோல. பத்துப் பன்னிரண்டு தூணுக்கு மேல் எண்ண வேண்டாம், தூரத்தில் சும்மா தடித்த கோடு போதும். பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்தால் போலீஸ் விரட்டும். நின்றபடி ஐந்து நிமிடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். கடற்படை, கடலோரக் காவல்படை இடங்களை வரையவே வேண்டாம்.

பனையும் உடையும்

தென்னை வரைந்து பழகிய கை பனையைக் கெடுக்கும். தென்னை மட்டை தொங்கும், பனை ஓலை விசிறி. பனையின் தலையை முதலில் ஒரு பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் பார்த்திருக்கும் ஓலை முழு வட்டம், பக்கவாட்டில் இருப்பது ஒடுங்கிய நீள்வட்டம், மேலே நிற்பது அரை விசிறி. விசிறியின் வெளிப்பாதி மட்டும்தான் பிளந்திருக்கும், உள்பாதி ஒரே தகடு. அடிவரை கீறிக் கீறி வரைந்தால் துடைப்பமாகிவிடும். கழிக்காத மரத்தில் காய்ந்த ஓலை கழுத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கும். ஏறுகிற மரத்தில் அது இருக்காது. குலை பார்த்தால் பருவப்பனை, அதாவது பெண் பனை; விரல் விரலாக நீண்ட பாளை பார்த்தால் அலகுப்பனை, ஆண் பனை. எது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

உடைமரத்துக்கு மேல்கோடுதான் உயிர். குடையை விரித்தது மாதிரி தட்டையான தலை. அதை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, இலையை விட்டுவிட்டுக் கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத் துண்டுகளின் வடிவத்தை வரையுங்கள். சீமைக்கருவேலம் கோணல்மாணலாகத் தொங்கும். இரண்டையும் ஒரே பச்சைக் கிறுக்கலில் முடிப்பவர் இந்த ஊரைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

படகும் ஆளும்

படகை வரைய, படுத்துக் கிடக்கிற எட்டை ஒன்று போடுங்கள், முன்பக்க வளையம் பின்பக்கத்தைவிடப் பெரிதாக. அதன் இரண்டு வெளி வளைவுகளும் படகின் விளிம்பு. நடுவில் வெட்டுகிற கோடுகளை அழித்து, முன்பக்க அணியத்தில் ஒரு கோடும் பின்பக்கத்தில் ஒரு கோடும் கீழே இறக்கினால் உடம்பு வந்துவிடும். நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு முகத்தைக் காட்டித்தான் நிற்கும், கரையில் நிற்கிற கடற்காக்கையும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் படகுகள் நாலு திசை பார்த்து நின்றால் அது மனதிலிருந்து வரைந்தது என்று கடலோரப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும், விசைப்படகுகள் துறையிலேயே கிடக்கும். சில படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீருக்குள் மறைந்திருக்கிற அடிவயிற்றைப் பார்த்துப் படிக்க வேறு காலம் கிடைக்காது.

ஏலக்கடையில் மீனை வரைகிறவர் நிறத்தை முதலில் எழுதிவிட வேண்டும். கரையேறிய அரை மணிக்குள் பளபளப்பு போய்விடும், கணவாய் கண்ணெதிரேயே புள்ளி மாறும். நீளத்துக்கு அகலம் எத்தனை பங்கு, கண் எங்கே, செவுள் மூடி எங்கே முடிகிறது, வால் பிளவா வெட்டா: நாலு குறிப்பு, இரண்டு நிமிடம். நீலக்கால் நண்டில் நீலம் ஆணுக்கு; பெண் பழுப்புப் பச்சை. பெயரை விற்கிறவரிடமே கேட்டு அவர் சொன்னபடி எழுதுங்கள், காரல், ஓரா, ஊளி, விளமீன் என்று. கேள்வியை ஏலம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். கூவல் நடக்கும்போது குறுக்கே நிற்பவரை யாருக்கும் பிடிக்காது.

ஆளை வரைய முதலில் கேட்க வேண்டும். “அண்ணே, வலை பொத்துறதை வரஞ்சுக்கிறட்டா?” என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கீழக்கரையில் அண்ணனுக்குச் சொல்லும் “காக்கா” என்று கூப்பிட்டால் இன்னும் நெருக்கம். பெண்களிடம் “அக்கா” என்றோ, அதே பொருளில் “லாத்தா” என்றோ கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும், அதுவும் கேட்டுக்கொண்டு. வலை ஊசி பிடித்த கை அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஒரே பக்கத்தில் மூன்று கைகளைத் தொடங்கிவைத்து, எந்த நிலை திரும்புகிறதோ அந்தக் கையில் இரண்டு கோடு சேருங்கள். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களின் விரலில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு, கண்ணாடி ஆகியவற்றைத் தனித்தனியாக வரைந்து எதற்கென்று எழுதினாலே முகமில்லாமல் ஓர் ஆளைச் சொல்லிவிடலாம்.

பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து அங்கேயே வரைந்துவிட்டு வாருங்கள். வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் கூடவே வர வேண்டும். அரிச்சல்முனை வரை நிழல் கிடையாது, பொழுது சாயும் முன் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர் பவளக் கல்லால் கட்டியது. செங்கல் கட்டம் போடாமல், ஒழுங்கில்லாத துளைகளும் நிழலுமாக அதைப் போடுங்கள். வாடை மாதங்களில் உப்பங்கழியில் பூநாரை நின்றால், கழுத்தை ஒரு எஸ், உடம்பை ஒரு முட்டை, காலை இரண்டு கோடு என்று முப்பது தடவை சின்னச் சின்னதாக எடுங்கள். முட்டி பின்னால் மடிவதாகத் தெரியும் இடம் அதன் கணுக்கால். உண்மையான முட்டி இறகுக்குள் இருக்கிறது. அலகு பாதியில் சட்டென்று கீழே ஒடியும். மேயும்போது தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும்.

ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல்மூலையிலும் ஒரே ஒழுங்கில் ஐந்து விஷயம்: தேதி, நேரம், இடம், காற்று, எந்தக் கடல். “12 ஆனி, 4.40, தங்கச்சிமடம், கச்சான், வடகடல் அமைதி.” படம் தொடங்கும் முன்பே இதை எழுதிவிடுங்கள். முடிந்தபின் எழுதலாம் என்று விட்டால், சரியாக அந்த நேரம் பார்த்து மழை வரும்.