பால் நிலையச் செயலியும் பதினொரு கைபேசிகளும்: சோதனை நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

கிராமத்துப் பால் கொள்முதல் நிலையங்களுக்காக எங்கள் கோயம்புத்தூர் அலுவலகம் எழுதிவரும் செயலியின் புதிய பதிப்பு இன்று என் மேசைக்கு வந்தது. காலையும் மாலையும் உறுப்பினர் கொண்டுவரும் பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) ஆகியவற்றைப் பதிந்து, தொகையைக் கணக்கிட்டு, அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் இதன் வேலை. சென்ற பதிப்பை எமுலேட்டரிலும் (கணினியில் கைபேசியைப் போல இயங்கும் மென்பொருள்) அலுவலகத்தில் இருந்த நான்கு நல்ல கைபேசிகளிலும் மட்டுமே சோதித்து வெளியிட்டோம். அதன்பின் வந்த புகார்களைப் படித்தபோது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆகவே இம்முறை நிலையச் செயலாளர்கள் கையில் உண்மையில் என்னென்ன கைபேசிகள் இருக்கின்றன என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்கி, அதற்கேற்பப் பதினொன்றைச் சேர்த்தேன். அவற்றில் இரண்டு பழையதாக வாங்கியவை. மிகப் பழையது ஆண்ட்ராய்டு 8, புதியது ஆண்ட்ராய்டு 14. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஆண்ட்ராய்டு எண்ணையும் ரேம் எனும் செயல் நினைவகத்தின் அளவையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

புதிய உறுப்பினரைச் சேர்க்கும் படிவத்தில் ஒன்பது கட்டங்கள் உள்ளன. எல்லாவற்றையும் நிரப்பி, வங்கிப் புத்தகத்தைப் படம் எடுக்கக் கேமராவைத் திறந்து, படம் எடுத்துத் திரும்பினால் படிவம் வெறுமையாக நிற்கிறது. 2 ஜிபி ரேம் உள்ள மூன்று கைபேசிகளில் மட்டுமே இப்படி நடக்கிறது. அவற்றிலும் எப்போதும் நடப்பதில்லை. ஒருமுறை வந்து அடுத்த நான்கு முறை வராமல் போகும் பிழையை யாரும் நம்புவதில்லை. "என் போன்ல ஒரு தடவைகூட வரலீங்களே அக்கா" என்று நிரலாளர் தம்பி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கைபேசியில் 8 ஜிபி இருக்கிறது.

காரணம் தெரிந்ததுதான். கேமராவுக்கு நினைவகம் போதாதபோது, பின்னால் நிற்கும் நம் செயலியை ஆண்ட்ராய்டு கேட்காமலேயே மூடிவிடுகிறது. பயனர் திரும்பி வரும்போது திரையைப் புதிதாகக் கட்டித் தருகிறது. மூடப்படும் முன் நாம் எதைச் சேமித்தோமோ அது மட்டுமே திரும்பக் கிடைக்கும். டெவலப்பர் அமைப்புகளில், விட்டு விலகிய திரையை உடனே அழித்துவிடச் செய்யும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைத் தம்பியின் கைபேசியிலேயே இயக்கிக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் படிவம் வெறுமையானது. மாலைக்குள் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தெரிவு திரையை மட்டுமே அழிக்கிறது, செயலி முழுவதையும் மூடுவதில்லை; எனவே திருத்தத்தை 2 ஜிபி கைபேசிகளிலும் நாற்பது முறை ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.

ஜூன் 6, வியாழன்

செயலாளர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எழுத்தளவைப் பெரிதாக வைத்துக்கொள்பவர்கள். ஆண்ட்ராய்டு 14 இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெருக்கலாம். அப்படிப் பெருக்கியதும் பொத்தான்களின் சொற்கள் பாதியில் நின்றன. கட்டத்தின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து நிலையாக வைத்திருந்ததால், "கொழுப்பு" என்ற சொல்லின் அடிச்சுழிகள் வெட்டுப்பட்டன. உயரத்தை எழுத்தே தீர்மானிக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

இன்று முழுவதும் ஒரே பெயரோடு கழிந்தது. ஒரு நிலையத்தில் கோவிந்தசாமி என்ற உறுப்பினருக்கு இரண்டு கணக்குகள் இருப்பதாகப் புகார் வந்திருந்தது. நிலையத்தில் இரண்டு கைபேசிகள் இருக்கின்றன. ஒன்றில் பதிந்த பெயரை மற்றதில் தேடினால் வரவில்லை. வராததால் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். அவருடைய பால் தொகை இரண்டு கணக்குகளில் சிதறிக் கிடந்தது.

இரண்டு பெயர்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை. பிறகு எழுத்துகளை யூனிகோடு எண்களாக, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் உள்ள பொது எண்களாக, பிரித்ததும் விடை கிடைத்தது. ஒன்றில் "கோ" என்பது ககரமும் அதன்பின் 0பிசிபி என்ற ஒரே ஓகாரக் குறியும். மற்றதில் ககரம், 0பிசி7 என்ற ஏகாரக் குறி, 0பிபிஇ என்ற கால் என மூன்று துண்டுகள். யூனிகோடு தரத்தின்படி இரண்டும் சமம், திரையிலும் ஒன்றே. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு ஆட்கள். பதினொரு கைபேசிகளிலும் மூன்று விசைப்பலகைகளை நிறுவித் தட்டிப் பார்த்தேன். குறிகளைத் தனித்தனி விசைகளாகக் காட்டும் ஒன்றில், இரட்டைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து அழுத்துபவருக்குத் துண்டுகளாகவே பதிகிறது. கொம்பு, கால் என்று எழுதப் பழகிய கை அப்படித்தான் அழுத்தும். அது பயனரின் தவறு ஆகாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிக்கொண்டால் இது தீரும், தீர்ந்தது.

தீராதது ஔகாரம். "கௌசல்யா" என்பதற்குப் பதில் ககரம், ஒற்றைக் கொம்பு, உண்மையான ளகரம் என்று "கெளசல்யா" எனப் பலர் பதிகிறார்கள். இவை யூனிகோடின்படியும் வேறு வேறு. இயல்பாக்கம் இங்கே உதவாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்றார் தம்பி. எங்கள் பக்கத்தில் வெள்ளியங்கிரி என்ற பெயர் உடையவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ளகரத்தின் மேல் புள்ளியோ அதனுடன் வேறு குறியோ இல்லாத இடங்களில் மட்டும் ஐயப்படுவது, அப்போதும் பதிந்த பெயரில் கைவைக்காமல், "இவராக இருக்கலாம்" என்று காட்டிச் செயலாளரிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஒருவருடைய பெயரைத் திருத்தும் உரிமை செயலிக்கு இல்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஜூன் 13, வியாழன்

குறுஞ்செய்தி சேரும் கைபேசியும் சோதனைக்குரிய கருவிதான் என்பதை இதுவரை மறந்திருந்தோம். உறுப்பினர்களில் பலரிடம் இருப்பது பொத்தான் கைபேசி. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் வந்தால் 70 அலகுதான்; ஒரு யூனிகோடு எண் ஓர் அலகு. "கொழுப்பு" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்குக்கு எட்டு அலகு. திங்களன்று கண்ட துண்டு வடிவத்தில் பதிந்தால் ஒன்பது. 70 ஐத் தாண்டினால் செய்தி 67 அலகுத் துண்டுகளாகப் பிரிந்து போகிறது, செலவும் இரட்டிக்கிறது. பழைய கைபேசி ஒன்றில் துண்டுகள் தனித்தனியாக, தொகை முன்னும் லிட்டர் பின்னுமாக வந்து சேர்ந்தன. வாழ்த்துச் சொற்களை நீக்கி, நாள், வேளை, லிட்டர், தொகை என்று சுருக்கி ஒரே செய்திக்குள் அடக்கினோம்.

ஜூன் 18, செவ்வாய்

விடியற்காலை ஐந்தரைக்குக் கோவிந்தசாமியின் நிலையத்துக்கே சென்றேன். செயலாளர் ஐயா கேன் தூக்கிய ஈரக் கையோடு திரையைத் தொட்டார். இரண்டு முறை பதியவில்லை, மூன்றாம் முறை பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. வேட்டி முனையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். "சேமி", "நீக்கு" இரண்டையும் அருகருகே வைத்தது தவறு என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

புதிய பதிப்பில் கோவிந்தசாமி என்று தேடச் சொன்னேன். இரண்டு கணக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. "ரெண்டும் ஒரே ஆளுதானுங்க, நம்ம மேக்காட்டுக்காரரு" என்று சொல்லி, ஒரு கணக்கை மற்றதோடு சேர்த்தார்.

ஆனால் நிலையத்தின் இரண்டாவது கைபேசியில், நேற்று மாலைப் பதிவுகள் இன்னும் சர்வருக்குப் போகவில்லை. இரவு முழுவதும் அசையாமல், மின்னேற்றியில் இணைக்காமல் அலமாரியில் கிடந்த கைபேசி அது. ஆண்ட்ராய்டு 6 முதல், அப்படிக் கிடக்கும் கைபேசியில் பின்னணி வேலைகளை அமைப்பே தள்ளிப்போடுகிறது. இடையிடையே விழித்து அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. தயாரிப்பாளரின் பேட்டரிச் சேமிப்பும் மேலே சேர்ந்து தடுத்திருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். செயலி தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக்கை எடுத்துக்கொண்டேன். ஐயாவின் அனுமதியோடு எங்கள் கைபேசி ஒன்றை அங்கே வைத்துவிட்டு, அந்தக் கைபேசியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் பேருந்து ஏறியிருக்கிறேன்.