இஸ்தான்புல்லில் டாக்சி எதற்கு?

இஸ்தான்புல் போகிறவர்கள் முதல் வேலையாக இஸ்தான்புல்கார்ட் வாங்கிவிடுங்கள். மெட்ரோ, டிராம், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டைதான்.

சுல்தானகமெத் பக்கம் தங்கினால் டி1 டிராமே பாதி ஊரைக் காட்டிவிடும். நீல மசூதி, கிராண்ட் பஜார், எமினோனு, கலாட்டா பாலம் எல்லாம் அதன் வழியில்தான். மாலைக் கூட்டத்தில் மட்டும் ஏறாதீர்கள். பாலத்தைத் தாண்டியதும் வரும் காராகோய் பகுதியிலிருந்து மேட்டுக்கு ஏற துனெல் இருக்கிறது. 1875-இல் திறந்தது, லண்டனுக்கு அடுத்த பழைய சுரங்க ரயில். ஏறி உட்காரும் முன்பே இறங்கும் இடம் வந்துவிடும்!

மர்மராய் ரயில் 2013 முதல் பாஸ்போரஸ் நீரிணைக்கு அடியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கிறது. ஒரு விஷயம்: நுழையும்போதே முழு தூரத்துக்கான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். இறங்கியதும் அங்குள்ள இயந்திரத்தில் அட்டையைக் காட்டினால்தான் மீதி திரும்பும். சுற்றுலா வந்தவர்கள் பலர் அதைக் கண்டுகொள்ளாமலே போகிறார்கள்.

ஆனால் என் ஓட்டு படகுக்குத்தான். எமினோனுவில் ஏறி, ஆசியப் பக்கம் இருக்கும் கடிகோய் துறையில் இறங்குங்கள். மேல்தளத்தில் இடம் பிடித்து, ஒரு டீ வாங்கிக்கொண்டு, சிமித் ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் கடற்காகங்கள் கூடவே பறந்து வரும். இதற்குப் பேருந்துக் கட்டணம் மாதிரிதான் ஆகும். அப்புறம் எதற்குத் தனியாகச் சுற்றுலாப் படகு? திரும்பும்போது கடைசிப் படகு எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் மர்மராய் இருக்கிறது.