என்ஜின் கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: கோளாறைத் தேடிப் பிடித்த விவரம்

வால்வ் கவர் ஓரத்தில் எங்கிருந்தோ ஆயில் கசிந்துகொண்டிருந்தது. பல வருட அழுக்கு மேலே அப்பியிருந்ததால் இடம் பிடிபடவில்லை. சரி, கழுவினால்தான் தெரியும் என்று என்ஜினைத் தண்ணீர் அடிக்கக் கொடுத்தேன். கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருவது) டிஸ்ட்ரிபியூட்டரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) வைத்த, நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஏர் ஃபில்டர் வாய்க்கும் ஆல்டர்னேட்டருக்கும் பாலிதீன் பை கட்டி, கவனமாகத்தான் கழுவினார்கள். முடிந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் கணீரென்று அடிக்கிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னொரு தடவை அடிங்க, எடுத்துக்கும்." கேட்காதீர்கள். பிளக்கில் ஸ்பார்க் வராதபோது அடிக்க அடிக்க, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் உள்ளே போய் பிளக்கை நனைத்துவிடும். தண்ணீரால் வந்த தொல்லையோடு பெட்ரோல் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். பேட்டரி இறங்கினால், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் வோல்டேஜ் குறைந்து, இருக்கிற ஸ்பார்க்கும் சோர்ந்துபோகும். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டர் மோட்டார் ஆற வேண்டும். சுற்றிக்கொண்டிருந்த என்ஜின் திடீரென்று இறுகி நின்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும்.

என் வண்டியில் அப்படி இல்லை. செல்ஃப் சீராக அடித்ததால் பேட்டரி, ஸ்டார்ட்டர், பெரிய எர்த் ஒயர் மூன்றின் மீதும் சந்தேகம் போய்விட்டது. பெட்ரோலைப் பார்ப்பதும் சுலபம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் இழுத்தேன். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சியது. ஆக, மிச்சம் இருப்பது ஸ்பார்க்.

ஸ்பார்க் பார்க்க மலிவான ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது. அதன் ஒரு முனையை பிளக் ஒயரில் செருகி, கிளிப்பை என்ஜின் இரும்பில் மாட்டினால் போதும். பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, இரும்புக்குப் பக்கத்தில் காட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஆளுக்கும் ஆபத்து, எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதற்கும் ஆபத்து. பெட்ரோல் வாசனை அடிக்கிற இடத்தில் இந்தச் சோதனையே கூடாது.

முதலில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரில் பார்த்தேன். நீல நிறத்தில், டப் டப்பென்று சத்தம் கேட்கிற அளவுக்கு நல்ல ஸ்பார்க். அப்புறம் பிளக் ஒயர்களில் பார்த்தால் ஒன்றில் வெளிறிய ஆரஞ்சு, இன்னொன்றில் விட்டு விட்டு, மூன்றாம் சிலிண்டரில் சுத்தமாக இல்லை. காயில் கொடுப்பது வழியில் எங்கோ ஒழுகுகிறது. வழி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பிளக் ஒயர்கள், அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காயில், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டித் திறந்தால் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. தண்ணீர் நேராக உள்ளே பாய வேண்டும் என்றில்லை. சூடான என்ஜினில் ஆவியாகி, மூடிக்குள் நுழைந்து, குளிர்ந்து துளியாகப் படிந்தாலே போதும். காயிலிலிருந்து வருவது பத்தாயிரம் வோல்டுக்கு மேல். சோப்பும் அழுக்கும் கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். பிளக் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதைவிட ஈரத்தின் மேல் ஓடி எர்த்துக்குப் போவது சுலபமாக இருந்தால், கரண்ட் அந்த வழியில்தான் போகும். மூடியையும் ரோட்டரையும் காய்ந்த துணியால் துடைத்து, டபிள்யூடி-40 லேசாக அடித்து, மறுபடி துடைத்துக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்தேன். 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்கென்றே கண்டுபிடித்த திரவம் அது. ஆனால் எரியக்கூடியது. மூடிக்குள் ஸ்பார்க் அடிக்கும் என்பதால் வாசனை போகும்வரை மூடக் கூடாது.

பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது குழியில் தண்ணீர் தேங்கி, ஒயரின் ரப்பர் தொப்பி பாதி மூழ்கியிருந்தது. இந்த நிலையில் பிளக்கைக் கழற்றினால் அத்தனை தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் தொப்பியைப் பிடித்து (ஒயரைப் பிடித்து அல்ல) உருவி, கம்ப்ரஸர் காற்றால் குழியை ஊதிக் காயவைத்து, அதன் பிறகே பிளக்கில் கை வைத்தேன். ஒயர்களை உருவும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான நாலு சிலிண்டர் என்ஜின்களில் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் அடிக்கும் வரிசை, 1-3-4-2. ஒயர் இடம் மாறினால் புதுசாக ஒரு ஸ்டார்ட்டிங் பிரச்சினையை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

எல்லாம் மாட்டி ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அடித்தேன். இருமியது, மிஸ்ஸிங் அடித்தது, சூடேறியதும் சீராக ஓடியது. பலர் இத்தோடு "தண்ணி புகுந்திருந்தது, காஞ்சுடுச்சு" என்று பானட்டை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை நல்ல பனி. தண்ணீரே படாத வண்டி மறுபடி எடுக்கவில்லை.

கழுவியதுதான் காரணம் என்றால் காய்ந்த பிறகு வரக் கூடாது. ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை ஈரம் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்க்க இருட்டு வேண்டும். அன்றைக்கே மதிய வெயிலில் காய்ந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்து, என்ஜினை ஓடவிட்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு பிளக் ஒயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் பொடியாகத் தெளித்தேன். இரண்டு ஒயர்களின் மேல் ஊதா நிறத்தில் மெல்லிய நெருப்பு ஊர்ந்தது. ஒன்றிலிருந்து பக்கத்து இரும்புப் பட்டைக்கு டிக் டிக்கென்று தாவியது. என்ஜினும் அதே தாளத்தில் உதறியது.

என்ஜினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மறுபடி கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் ஒழுகி ஒழுகி பிளாஸ்டிக்கைக் கருக்கிப் போட்ட தடம். கரி தானே கரண்டைக் கடத்தும் என்பதால் துடைத்தாலும் பயனில்லை, சுரண்டினாலும் கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஒயர்களை மல்டிமீட்டரில் பார்த்தபோது மூன்று ஒயர்கள் அவற்றின் நீளத்துக்கேற்பச் சில ஆயிரம் ஓம் காட்டின. மூன்றாம் சிலிண்டர் ஒயர் மட்டும் அவற்றைப் போலப் பல மடங்கு. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையமோ தொட்டதும் உதிர்ந்தது.

மூடி, ரோட்டர், ஒயர் செட், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினேன். இதில் ஒன்றை மாற்றி ஒன்றை விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே காலத்தில் மாட்டியவை, வயதும் ஒன்றுதான். தொப்பிகளுக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்டைக் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் தடவி, இருட்டில் மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நெருப்பும் இல்லை, உதறலும் இல்லை.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்த வண்டியாக இருந்தால், தேட வேண்டிய இடம் கொஞ்சம் மாறும். ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்கவில்லை என்றால் என்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்ஸரின் கனெக்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் என்ஜினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் தண்ணீர் அங்கே சுலபமாகப் போய் நிற்கும். ஆர்பிஎம் மீட்டர் உள்ள பல வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது முள் துளிகூட அசையாவிட்டால் அந்தச் சென்ஸர் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு கனெக்டரைக் காற்றால் ஊதி, பச்சை பூத்த பின்களை எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்தது ஃபியூஸ் பெட்டி.