இடிக்க மறுத்தவர்கள்
1996-இல் பிரான்சின் போர்தோ நகரில் லெயோன் ஒகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலை லக்காத்தோன், வஸ்ஸால் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்களிடம் வந்தது. போய் உட்கார்ந்து பார்த்தார்கள், அங்கே இருப்பவர்களிடம் பேசினார்கள். அப்புறம், இது ஏற்கெனவே அழகாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சரளைக்கல்லை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி பெருக்குங்கள். அவ்வளவுதான் திட்டம். (ரிப்பன் வெட்ட ஒன்றுமே இல்லை, பாவம் மேயர்!)

பிறகு அதே ஊரின் கிராந் பார்க் குடியிருப்பு. 1960-களில் எழுந்த மூன்று அடுக்குமாடிகள், 530 வீடுகள். இவர்கள் வேறு இரண்டு கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து, இடிக்காமல், வெளிச்சுவரை ஒட்டி ஒவ்வொரு மாடிக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்குப் புதிய தளம் சேர்த்தார்கள். சின்ன ஜன்னல் இருந்த இடத்தில் தரையிலிருந்து எழும் கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டி வெயில் வாங்கும் கூடம், அதற்கும் வெளியே பால்கனி. குளிர்காலத்தில் அந்தக் கூடமே கம்பளி மாதிரி. வீட்டைச் சூடாக்கும் செலவு குறைகிறது. வேலை நடந்தபோதும் குடியிருந்தவர்கள் காலி செய்யவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இந்தக் குடியிருப்பு வேலைக்கு 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் கட்டடக்கலை விருது, லக்காத்தோன், வஸ்ஸால் இருவருக்கும் 2021-இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர்.

வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஏதோ பசுமைக்குடில் மாதிரி இருக்கிறது. சரி, உள்ளே இருப்பவருக்குத்தானே வீடு. உள்ளே கம்பி துருவேறி வெடித்த கான்கிரீட்டுக்கு இந்த வைத்தியம் செல்லாது என்பதும் உண்மை. ஆனால் கட்டடத்தைத் தாங்கும் சட்டகத்தைச் சோதிக்காமலே புல்டோசரைக் கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.