கார்கோ டிரெய்லருக்குள் ஹீட்டர்: அக்டோபர் வேலைக் குறிப்புகள்

அக்டோபர் 5
கொலராடோ மலைப்பக்கம் இரவில் உறைபனி தொடங்கிவிட்டது. டிரெய்லருக்குள் தூங்க ஹீட்டர் வேண்டும். முதலில் அதன் அளவு. 12 அடி நீளம், அகலமும் உயரமும் 6 அடி என்றால் ஆறு பக்கமும் சேர்ந்து 360 சதுர அடி. வெறும் தகரமாக விட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் 40 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்தில் மணிக்குச் சுமார் 14,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வீணாகும். சூட்டைத் தடுக்கும் ஃபோம் போர்டு ஒரு அங்குலம் ஒட்டினால் 3,000. எஃகுச் சட்டங்கள் கடத்துவதையும் சேர்த்து 5,000 என்று வையுங்கள். 2 கிலோவாட் (மணிக்குச் சுமார் 6,800 பிடியூ) டீசல் ஹீட்டரே தாராளம். 5 கிலோவாட் வாங்கினால் எப்போதும் குறைந்த சூட்டில் ஓடி உள்ளே கரி பிடிக்கும்.

அக்டோபர் 7
புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரைத் தூங்கும்போது எரிய விடவே கூடாது. எரியும் காற்றும் மூச்சுக் காற்றும் அங்கே ஒன்றுதான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். அது குளிர்ந்த சுவரில் வழிந்து, பிளைவுட்டை ஊறவைக்கும்.

அக்டோபர் 11
டீசல் ஹீட்டரைப் பொருத்தும் நாள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயின் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆகவே தரைப் பலகையைத் தாராளமாக வெட்டி, எஃகுத் தகட்டின் மேல் ஹீட்டரை உட்கார வையுங்கள். குழாய் மரத்தில் படவே கூடாது. குழாயின் வாய் டிரெய்லரின் அடியில் முடியாமல், ஓரத்தைத் தாண்டி வெளியே வரட்டும். எரிவதற்கான காற்றை இழுக்கும் குழாய் எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரில் ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் வடிவதற்கானது அது, கீழ்நோக்கி வையுங்கள். அந்தத் துளையிலும் புகை கசியும் என்பதால் மஃப்ளர் எப்போதும் வெளியேதான்.

அக்டோபர் 12
டீசல் பம்பைப் படுக்க வைத்தால் குமிழி தங்கி, தீ விட்டுவிட்டு எரியும். டீசல் வெளியேறும் முனை மேலே தூக்கி இருக்கட்டும். பற்றவைக்கும்போது, டீசலைச் சூடாக்கிப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக் 10 ஆம்ப் வரை இழுக்கும். வயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் விழுந்து ஹீட்டர் பற்றாது. அணைக்கும்போது பேட்டரி சுவிட்சைத் தொடாதீர்கள். விசிறி சில நிமிடம் ஓடி உள்சூட்டைத் தணித்த பிறகே மின்சாரத்தை நிறுத்தலாம்.

அக்டோபர் 18
புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் கண்டறியும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்தில். அடுப்புக்கு கேஸ் வைத்திருந்தால் புரொப்பேன் அலாரம் தரையோரம், ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிடக் கனம். அமெரிக்கத் தரப்படி கார்பன் மோனாக்சைடு 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு) அளவில் இருந்தால் அலாரம் ஒலிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். அதனால் குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் கருவியே நல்லது. தலைவலியோ குமட்டலோ வந்தால் அலாரத்துக்குக் காத்திராமல் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். பனி பெய்யும் இரவில் படுக்கும் முன், மண்வெட்டியால் எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிடுங்கள். நடுவில் எழுந்தால் மறுபடி பாருங்கள்.